பியானோவுக்குள் 772 சவரன்: ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷைர் மாவட்டத்தில் பிஷப்ஸ் காசில் என்றொரு சிற்றூர். 2016இல் அங்குள்ள பள்ளிக்கு ஒரு குடும்பத்தார் தங்கள் பழைய பியானோவை நன்கொடையாகக் கொடுத்தார்கள். சுருதி சேர்க்க வந்தவர் வாசித்துப் பார்த்தபோது கட்டைகள் இறுக்கமாக இருந்தன. காரணம் பார்ப்பதற்காக அவற்றைக் கழற்றினார். அடியில் துணிப் பொட்டலங்கள் இருந்தன. பூச்சி அரிக்காமல் இருக்க யாரோ வைத்த மருந்து என்றுதான் முதலில் நினைத்தார். ஒன்றின் தையலைப் பேனாக்கத்தியால் பிரித்ததும் உள்ளே தங்கம் தெரிந்தது.

ஏழு துணிப் பொட்டலங்கள், ஒரு சுருக்குப் பை. அவற்றில் 633 முழு சவரன் நாணயங்களும் 280 அரை சவரன் நாணயங்களும், மொத்தம் 913. நம் நகைக்கடைகளின் சவரன் கணக்குக்கு மூலமான அதே பிரிட்டிஷ் நாணயம்தான். 22 காரட், ஒன்றின் எடை 7.988 கிராம். பெருக்கிக் கூட்டினால் 6 கிலோ 170 கிராமைத் தாண்டுகிறது. நம்முடைய எட்டு கிராம் கணக்கில் ஏறத்தாழ 772 சவரன்.

வீட்டில் தங்கத்தைப் பாதுகாப்பது பற்றிப் பேச்சு வந்தால் நாம் திருடனைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். இந்த நிகழ்வில் திருடன் வரவே இல்லை. ஒளித்தவர் தன் வேலையை அப்பழுக்கில்லாமல் செய்து முடித்திருக்கிறார். ஆனாலும் அதில் ஒரு குன்றிமணித் தங்கம்கூட அவருடைய வாரிசுகளுக்குப் போய்ச் சேரவில்லை. என் பார்வையில் திருட்டைவிடக் கவனமாகப் படிக்க வேண்டிய இழப்பு இதுதான். திருட்டு நடந்தால் வீட்டுக்குத் தெரியும். புகார் கொடுக்கலாம், தேடலாம். இந்த வீட்டுக்கோ, இழந்தோம் என்பதே தெரியாது.

ஒளித்த விதம்

அது நிமிர்ந்து நிற்கும் வகைப் பியானோ. லண்டனின் புகழ்பெற்ற ஜான் பிராட்வுட் அண்ட் சன்ஸ் நிறுவனம் 1906இல் செய்தது. இந்த வகையில், நாம் விரலால் தொடும் ஒவ்வொரு கட்டையும் உள்ளே நீண்டு செல்லும் ஒரு மரத்துண்டின் முனை. நடுவில் ஓர் ஊசியில் அமர்ந்து, ஒரு பக்கம் தாழ்ந்தால் மறுபக்கம் எழும்பி, கம்பியைத் தட்டும் சுத்தியலைத் தள்ளிவிடுகிறது. அந்த மரத்துண்டுகளுக்கும் அடிப்பலகைக்கும் இடையே கொஞ்சம் வெற்றிடம் உண்டு. மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தால் தெரியாது. முன்பலகையை அகற்றி, கட்டைகளை ஒவ்வொன்றாக ஊசியிலிருந்து தூக்கி எடுத்தால்தான் கை எட்டும்.

இதிலிருந்து ஒன்றை ஊகிக்கலாம். ஒளித்தவருக்கு அந்த வாத்தியத்தின் உள்ளமைப்பு தெரிந்திருந்தது; அல்லது அதைத் தெரிந்துகொள்ளும் பொறுமை இருந்தது. பொட்டலம் தடிமனாக இருந்தால் கட்டை கீழே இறங்காது. ஆகவே இடத்துக்கு ஏற்ற அளவில் கையால் தைத்திருக்கிறார். துணி சுற்றியதற்கு இன்னொரு காரணமும் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தளர்வாகக் கிடக்கும் தங்க நாணயங்கள் கட்டை அதிரும்போதெல்லாம் ஒன்றோடொன்று உரசி ஒலிக்கும். இறுக்கித் தைத்துவிட்டால் அந்த ஓசை எழாது.

எடையும் காட்டிக்கொடுக்கவில்லை. இப்படிப்பட்ட பியானோவை நகர்த்த நாலைந்து பேர் வேண்டும். அதில் ஆறு கிலோ கூடினால் யார் கண்டுகொள்வது? தங்கம் அடர்த்தி மிகுந்த உலோகம் என்பதால் பரிமாணமும் சிறிது. அந்த 913 நாணயங்களையும் உருக்கி ஊற்றினால் அரை லிட்டர்ச் செம்பு நிறையாது. துரு ஏறாது, வாடை வராது, ஈரத்தில் கெடாது. எவ்வளவு காலம் வேண்டுமானாலும் கிடக்கும். ஒளிப்பவருக்கு இவ்வளவு வசதியான பொருள் வேறில்லை. பின்னால் வரும் சிக்கலும் இந்த வசதியிலிருந்துதான் முளைக்கிறது.

பலவீனம் ஒன்றே ஒன்று. ஒளித்த இடம் வீட்டோடு ஒட்டியதல்ல. தூக்கிச் செல்லக்கூடிய ஒரு பொருள்.

எப்போது ஒளித்திருப்பார்?

நாணயங்கள் 1847 முதல் 1915 வரை அச்சானவை. விக்டோரியா, ஏழாம் எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் ஆகியோர் காலத்தவை. கடைசி ஆண்டை வைத்து 1915இல் ஒளித்தார்கள் என்று சொல்லிவிடத் தோன்றும். அது தவறான கணக்கு. கடைசி நாணயத்தின் ஆண்டு, அதற்கு முன்பு ஒளித்திருக்க முடியாது என்பதை மட்டுமே சொல்லும். எவ்வளவு பின்னால் என்பதற்கு வேறு சாட்சி வேண்டும்.

அந்தச் சாட்சி ஒரு அட்டைத் துண்டாகக் கிடைத்தது. பொட்டலம் ஒன்றில், ஷ்ரெடட் வீட் என்ற காலை உணவின் அட்டைப்பெட்டியிலிருந்து வெட்டிய துண்டு இருந்தது. அதிலிருந்த விளம்பரத்தை வைத்து, ஒளித்த காலம் 1926க்கும் 1946க்கும் இடையில் என்று ஆய்வாளர்கள் நிறுவினார்கள். ஆறு கிலோ தங்கம் சொல்லாததை, குப்பைக்குப் போயிருக்க வேண்டிய அட்டை சொல்லிவிட்டது. வீட்டில் பழைய பொருள் எது கிடைத்தாலும், சுற்றியிருக்கும் தாளையும் துணியையும் கசக்கி எறிந்துவிடாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

இந்த இருபது ஆண்டுகளைப் பிரிட்டனின் வரலாற்றோடு வைத்துப் பார்த்தால் ஒளித்தவரின் மனம் கொஞ்சம் புலப்படுகிறது. முதல் உலகப் போர் தொடங்கிய 1914இல் அரசு ஒரு பவுண்டு, பத்து ஷில்லிங் தாள்களை வெளியிட்டது. தங்க நாணயம் மக்களின் அன்றாடப் புழக்கத்திலிருந்து விலகத் தொடங்கியது. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க மதிப்பு முறையை, அதாவது பணத்தின் மதிப்பைத் தங்கத்தோடு கட்டிவைக்கும் முறையைக் கைவிட்டது. தாளின் மதிப்பு சரிய, ஒரு சவரன் நாணயம் அதன் முகமதிப்பான ஒரு பவுண்டைவிடக் கூடுதல் விலை பெற்றது. அதே காலத்தில் உலகப் பொருளாதார மந்தம், பிறகு 1939இல் இரண்டாம் உலகப் போர், ஜெர்மானியப் படையெடுப்பு பற்றிய பயம். தாளை நம்பாமல் தங்கத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள ஒருவருக்கு இதற்கு மேல் காரணம் தேவையில்லை. புழக்கத்திலிருந்து போய்விட்ட நாணயங்களை இத்தனை காலம் வைத்திருந்தவர் செலவுக்காகச் சேர்த்தவர் அல்லர், வருங்காலத்துக்காகச் சேர்த்தவர்.

இந்த அச்சத்தை நம் நாடும் அறியும். இந்தியாவில் 1963 ஜனவரியில், தனியார் தங்கம் வைத்திருப்பதை வரையறுத்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 1968இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1990இல்தான் அது நீக்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் தங்கத்தை வெளியே காட்டாமல் வைத்துப் பழகிய தலைமுறையின் பழக்கத்தை அவர்களின் பேரப்பிள்ளைகள் வீட்டில் இன்றும் காணலாம்.

வாரிசைத் தேடியபோது

பியானோ முதலில் விற்கப்பட்டது எசெக்ஸ் மாவட்டத்தின் சாஃப்ரன் வால்டன் ஊருக்கு. அங்கே இசைத்தொழிலில் இருந்தவர்களிடம் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு 1983 வரை அது யார் யார் வீட்டில் இருந்தது என்பதற்குத் தடயமே இல்லை. 1983இல் அந்தப் பகுதியில் ஒரு குடும்பம் அதை வாங்கியது. ஷ்ராப்ஷைருக்குக் குடிபெயர்ந்தபோது கூடவே கொண்டுவந்தது. முப்பதாண்டுக்கும் மேலாக அவர்கள் வீட்டில் இருந்த பியானோ அது. கடைசியில் பள்ளிக்குக் கொடுத்தார்கள்.

2017 ஜனவரியில் அதிகாரிகள் செய்தியை வெளியிட்டு, உரிமை கோருவோர் முன்வரலாம் என்றார்கள். அப்போது பொட்டலங்களில் இருந்தது என்ன, எத்தனை என்ற விவரத்தை வேண்டுமென்றே மறைத்துவைத்தார்கள். உண்மையான வாரிசு என்றால் எப்படிச் சுற்றியிருந்தது, எந்தப் பையில் என்ன என்பதில் ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும் அல்லவா? நாற்பதுக்கும் மேற்பட்டோர் தொடர்புகொண்டார்கள். எங்கள் வீட்டிலும் இப்படியொரு பியானோ இருந்தது என்று சொல்ல முடிந்ததே தவிர, இந்தத் தங்கம் எங்களுடையது என்பதற்கான ஆதாரம் எவரிடமும் இல்லை. அவர்களில் ஒருவர் உண்மையான வாரிசாகவே இருந்திருக்கலாம். அதை நிரூபிக்கக் கையில் ஒரு வரி எழுத்து இல்லையென்றால் அவரும் மற்றவர்களில் ஒருவர்தான்.

இங்கிலாந்தில் புதையல் வழக்குகளைக் கொரோனர் என்னும் அதிகாரி விசாரிக்கிறார். 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட தங்க, வெள்ளிப் பொருள்கள் புதையலாகும். இந்த நாணயங்களுக்கு அந்த வயதில்லை. ஆனால் அதே சட்டம் பழைய வழக்கத்தையும் காப்பாற்றி வைத்திருக்கிறது: பெரும்பாலும் தங்கம் அல்லது வெள்ளியாக இருக்க வேண்டும், திரும்ப எடுக்கும் எண்ணத்தோடு ஒளிக்கப்பட்டிருக்க வேண்டும், உரிமையாளரோ வாரிசோ யாரென்று தெரியாதிருக்க வேண்டும். மூன்றும் பொருந்தின. கையால் தைத்த தையலும் கட்டைக்கு அடியில் வைத்த கவனமும் இரண்டாவது நிபந்தனைக்குச் சான்றாயின. 2017 ஏப்ரல் 20 அன்று அது புதையல் என்று அறிவிக்கப்பட்டது. அதற்கான வெகுமதி கண்டெடுத்தவருக்கும், அப்போது பியானோவின் உரிமையாளராக இருந்த பள்ளிக்கும் உரியதாயிற்று. முப்பது ஆண்டுக்கு மேல் வீட்டில் வைத்திருந்த குடும்பத்துக்குச் சட்டப்படி பங்கில்லை.

இதே பியானோ தமிழ்நாட்டில் கிடைத்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்ப்பது வீண் வேலையல்ல. நம்மிடம் உள்ளது 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம். மண்ணிலோ, மண்ணோடு பிணைந்த எதிலுமோ மறைந்திருந்த பொருளையே அது புதையல் என்கிறது. வீட்டுச் சுவரில் கிடைத்தால் அதற்குள் வரும். மரப்பெட்டியிலும் வாத்தியத்திலும் கிடைப்பது அந்த விளக்கத்துக்குள் எளிதில் அடங்காது. மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். நூறு ஆண்டுக்குள் ஒளிக்கப்பட்டது என்று நம்பக் காரணம் இருந்து ஒருவர் உரிமை கோரினால், அவர் உரிமையியல் நீதிமன்றத்தில் அதை நிலைநாட்ட ஆட்சியர் அவகாசம் தர வேண்டும். பழைய வீட்டை இடித்துக் கட்டும்போது கிடைப்பதைக் கொத்தனாரும் வீட்டுக்காரரும் பேசி முடித்துக்கொள்வது இந்தச் சட்டத்தின் முன் குற்றம். அதுவும் பலருக்குத் தெரிவதில்லை.

எவ்ரோ வீட்டில் நடந்தது

பியானோ செய்தி வெளிவருவதற்குச் சில வாரங்கள் முன்பு, 2016 நவம்பரில், பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் உள்ள எவ்ரோ நகரிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. உறவினர் ஒருவரின் வீடு வாரிசுரிமையாக வந்து சேர்ந்தவர், அங்கிருந்த மரச்சாமான்களை நகர்த்தியபோது தங்கம் கிடைத்தது. சாமான்களின் அடியில் திருகி மாட்டப்பட்டிருந்தது. துணிக் குவியலுக்கு அடியிலும் குளியலறையிலும் இருந்தது. 5,000 தங்க நாணயங்கள், 12 கிலோ கட்டி இரண்டு, ஒரு கிலோ கட்டி 37. மொத்தம் சுமார் 100 கிலோ. மதிப்பு 35 லட்சம் யூரோ. சாமான்களை ஏலத்துக்காக மதிப்பிட முன்னதாகவே வந்து பார்த்துப்போன நிபுணரின் கண்ணுக்கும் அது படவில்லை.

ஒளித்ததில் அந்த உறவினரும் பியானோக்காரருக்குச் சளைத்தவர் அல்லர். இவரும் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் 1950களிலும் 60களிலும் முறையாக வாங்கியதற்கான சான்றிதழ்களை மற்ற காகிதங்களோடு வைத்திருந்தார். ஆகவே அது யார் தங்கம் என்ற கேள்விக்கே இடமில்லை. வாரிசு வரியைக் கட்டிவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தச் சான்றிதழ்கள் தங்கம் இருக்கும் இடத்தைச் சொல்லவில்லை. சாமான்களை அப்படியே ஏலத்துக்கு அனுப்பியிருந்தால் அவற்றை வாங்கியவர்களின் வீடுகளுக்குத் தங்கமும் போயிருக்கும்.

நம் வீடுகளில்

பியானோ நம் வீடுகளில் அரிது. அந்த இடத்தில் நமக்கு அரிசி டிரம், பரண்மேல் பித்தளை அண்டா, தலையணை உறை, பழைய தையல் மிஷின், சாமி படத்தின் பின்புறம். எல்லாமே ஒருநாள் கைமாறும் பொருள்கள். அண்டா பாத்திரக்கடைக்குப் போகும், மிஷின் பழைய இரும்புக்காரரிடம் போகும், தலையணை குப்பைக்குப் போகும். 2021 அக்டோபரில் சென்னை திருவொற்றியூரில் நடந்ததை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். கட்டிலுக்கு அடியில் ஒரு உறையில் போட்டு வைத்த 100 கிராம் தங்க நாணயம், விவரம் தெரியாத வீட்டினரால் குப்பையோடு கொட்டப்பட்டது. தூய்மைப் பணியாளர் ஒருவர் அதைக் கண்டெடுத்து ஒப்படைத்ததால் திரும்பக் கிடைத்தது. ஒரே கூரையின் கீழ் கணவன் வைத்தது மனைவிக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான் நடந்த பிழை.

திருட்டைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். பூட்டிய வீட்டில் நுழைபவன் நேராகப் படுக்கையறைப் பீரோவுக்குப் போகிறான். சாவி பீரோவின் தலைமேலோ மெத்தைக்கு அடியிலோதான் இருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். அடுத்து பூஜை அறை, அதற்கடுத்து சமையலறை டப்பாக்கள். காலங்காலமாக நாம் வைக்கும் இடங்களை அவனும் காலங்காலமாக அறிவான். சிறிய இரும்புப் பெட்டகம் வாங்கி அலமாரியில் சும்மா வைத்தால் பெட்டகத்தோடு தூக்கிப் போய்விடுவான். அதைக் கான்கிரீட் தரையிலோ சுவரிலோ போல்ட் போட்டு இறுக்க வேண்டும். அது பலருக்கும் தோன்றுவதில்லை. கடைக்காரர் கொடுத்த போல்ட் பிரிக்காத உறையிலேயே கிடக்கும்.

அன்றாடம் அணியாததை வங்கிப் பெட்டகத்தில் வைப்பது நல்லதுதான். ஆனால் அதன் வரம்பும் தெரிந்திருக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கு. வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம். இன்றைய விலையில் அது சில சவரனுக்கே சரியாகிவிடும். உள்ளே என்ன வைத்தீர்கள் என்பதும் வங்கிக்குத் தெரியாது. அங்கேயும் உங்கள் கணக்கை நீங்கள்தான் வைத்திருக்க வேண்டும்.

ஆக, வீடானாலும் வங்கியானாலும் கடைசியில் ஒரு தாளில் வந்து நிற்கிறோம். பியானோவுக்குச் சொந்தக்காரரிடம் இல்லாத தாள். அதில் எழுத வேண்டியவை அதிகமில்லை. ஒவ்வொரு நகையின் பெயர், எடை, வாங்கிய கடை, ஆண்டு. பில் இருந்தால் அதன் நகல். புதிய நகைகளில் ஹால்மார்க்கோடு ஹெச்யூஐடி என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியீடு பொறித்திருக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் விற்கும் ஹால்மார்க் நகைகளுக்கு அது கட்டாயம். லென்ஸ் வைத்துப் பார்த்து அதையும் குறித்துக்கொள்ளுங்கள். காணாமல் போய்த் திரும்பக் கிடைத்த வளையல் உங்களுடையதுதான் என்று நிறுவ அந்த ஆறு எழுத்துக்கும் எண்ணுக்கும் இணையான சான்றில்லை. பாட்டி காலத்து அட்டிகைக்குக் குறியீடு இருக்காது. அதன் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் எடுத்த புகைப்படமும், பழைய கல்யாணப் படத்தில் அதை அணிந்திருக்கும் ஒரு படமும் உதவும்.

தாளில் இடத்தை எழுதலாமா என்று கேட்பவர்கள் உண்டு. திருடன் கையில் கிடைத்தால் வரைபடம் கொடுத்ததாகிவிடுமே என்ற பயம் நியாயமானது. நான் சொல்வது இது: என்ன இருக்கிறது என்பது ஒரு தாளில், எங்கே இருக்கிறது என்பது இன்னொரு தாளில். முதல் தாள் வீட்டுப் பத்திரங்களோடு இருக்கட்டும். இரண்டாவது ஒட்டிய உறைக்குள், வேறொரு வீட்டில், நீங்கள் முழுவதும் நம்பும் ஒருவரிடம் இருக்கட்டும். துணைவருக்கு இரண்டும் வாய்மொழியாகத் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்குக் குறைந்தபட்சம் இப்படி ஓர் உறை இருக்கிறது, இன்னாரிடம் இருக்கிறது என்பது தெரிந்தால் போதும். முதுமையில் மறதி வரும் வரை காத்திருந்துவிட்டு எழுத உட்கார்ந்தால் எழுத வராது.

நகை அடகுக்குப் போகும்போதும், அழித்துச் செய்யும்போதும், மகளுக்குக் கொடுக்கும்போதும் அன்றைக்கே தாளைத் திருத்தித் தேதி போடுங்கள். ஒளித்த இடத்தை மாற்றினால் உறைக்குள் இருக்கும் இரண்டாவது தாளையும் மாற்றுங்கள். அண்டா, பீரோ, மெத்தை, பெட்டி என எதை வீட்டைவிட்டு அனுப்புவதாக இருந்தாலும் அதைப் பயன்படுத்திய மூத்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அடிப்பலகை வரை கைவிட்டுப் பார்த்த பிறகே வண்டியில் ஏற்றுங்கள்.